வலது தோளில் டோகா

"போட்டோல உங்க வீட்டுக்காரர் சிரிக்கிறாரேம்மா. சிரிக்கிற ஆளைப் போயி காணாமப் போனவர்னு எப்படி எழுதறது?"

திருவண்ணாமலை போலீஸ் ஸ்டேஷனில் கேட்ட கேள்வி வேங்கிக்கால் வரைக்கும் சைலஜாவின் காதைக் குடைந்துகொண்டே வந்தது. ஆட்டோவில் உட்கார்ந்தபடி போனைத் திறந்து அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தாள். ஸ்கந்தன் சிரிக்கத்தான் செய்தான். பல் நன்றாகத் தெரிந்தது. கண்ணில் மட்டும் சிரிப்பைக் காணோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த முகத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா, எது சிரிப்பு, எது வெறும் பல் என்று?

கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாய் முளைத்த வீடுகளுக்கு நடுவே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது ஆதிலட்சுமி துப்பறியும் நிலையம். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு யாராவது உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் அங்கே முக்கால்வாசிப் பிழைப்பு. ஆதிலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. இந்த அம்மாளா கண்டுபிடிக்கப் போகிறாள் என்று சைலஜாவுக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. ஆனால் போக வேறு இடம் இல்லை.

"உக்காரும்மா. மொதல்ல தண்ணி குடி."

"உக்காரவே நேரம் இல்லை மேடம்." சைலஜா கைப்பையிலிருந்து ஒரு சின்ன குளிர்ப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது என் ஆத்துக்காரரோட இன்சுலின். பள்ளிக்கூடத்துல படிக்கறச்சேலேர்ந்து அவருக்குத் தினம் ஊசி. முந்தாநாள் சாயங்காலம் நாடக ஒத்திகைக்குப் போறேன்னு கிளம்பினவர் திரும்பலை. கையோட கொண்டுபோன மருந்து நேத்தோட தீர்ந்திருக்கும். இன்னிக்குப் போடலேன்னா..."

ஊசி நின்றால் முதலில் தாகம், அப்புறம் வாந்தி, அப்புறம் மயக்கம் என்று டாக்டர் ஒருதரம் சொல்லியிருந்தார். அதற்கு அப்புறம் என்ன என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை.

"இன்னிக்குக் காலையில அவர் போன்லேர்ந்து இது வந்தது."

படத்தின் கீழே ஐந்தே வார்த்தை. 'பாண்டிச்சேரியில் நாடகம். நலம். செவ்வாய் வருகிறேன்.'

ஆதிலட்சுமியின் தோளுக்கு மேலாக ஒரு தலை நீண்டு வந்து படத்தைப் பார்த்தது. விமல்ராஜ். அந்த ஆபீசில் பைக் ஓட்டுவது, பின்தொடர்வது, டீ வாங்கி வருவது எல்லாம் அவன்தான். வாய்க்கு மட்டும் சம்பளம் இல்லாமலே ஓவர்டைம்.

"இன்னாக்கா இது, தூங்கி எழுந்தவரு போர்வையோடவே நாடகத்துக்குப் போயிட்டாரா?"

சைலஜாவுக்கு அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

"அது டோகா. ரோமாபுரிக்காரா உடுத்திண்டது. புரொபசர் கோதண்டராமன்னு ஒருத்தர், வெளிநாட்டுல ரோம சரித்திரம் சொல்லிக்கொடுத்துட்டு வந்து இங்க ஆசிரமத்துப் பக்கம் வீடு கட்டிண்டு இருக்கார். கல்யாணம் காட்சி ஒண்ணும் கிடையாது. வருஷா வருஷம் ஒரு ரோமாபுரி நாடகம் போடுவார். இந்த வருஷம் இவரும் நடிக்கறார்."

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"கோயில்ல குருக்கள். என் மாமனாருக்கு நாடகம்னாலே ஆகாது. 'சுவாமியைத் தொடற கை, கண்ட துணியைச் சுத்திண்டு கூத்தாடறதா'ன்னு பேச்சு வார்த்தையே நின்னு போயிடுத்து. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல நான்தான் தபால்காரி."

ஆதிலட்சுமி கடலைப் பொட்டலத்தை மடித்து இழுப்பறையில் போட்டாள். சைலஜாவுக்கு அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த முதல் நல்ல காரியமாகப் பட்டது.

"ஊசி போட்டுக்கறவரு ரெண்டு நாள் வெளியூர் போறேன்னா மருந்து கேட்டு மொதல்ல உனக்குத்தான் போன் பண்ணியிருப்பாரு. நலம்னு டைப் அடிச்சிக்கினு இருக்க மாட்டாரு. விமலு, வண்டிய எடு."

*

செங்கம் சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்தில், காவிச் சுவர் வைத்த மாடி வீடு. வாசலில் நின்றிருந்தவன் அருண்பிரசாத். புரொபசரின் வீடு வாசல், பேங்க், ரிப்பேர், எல்லாம் இவன் கையில். முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மூன்று பேரையும் போர்டிகோவுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்துப் பேசினான்.

"ஐயாவும் ஸ்கந்தன் சாரும் பாண்டிச்சேரிக்குப் போயிருக்காங்க. நாடக சாமானெல்லாம் ஏத்திக்கினு போயிட்டாங்க. அதான் போட்டோவே வந்திருக்கே மேடம்?"

"எங்க தங்கியிருக்கா? போன் நம்பர் ஏதாவது..."

"ஐயா போன் வெச்சிக்கறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

சைலஜாவின் தோளில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. இவன் இவ்வளவு மரியாதையாய்ப் பேசுகிறானே, இவனிடம் எதைக் கேட்டால் வாய் தவறுவான் என்று அவளுக்குத் தெரியவில்லை. காலில் விழுந்தால் சொல்லிவிடுவானா? விழவும் தயாராகத்தான் இருந்தாள்.

அருண்பிரசாத்தின் போன் அடித்தது. "டோக்கன் வந்திடுச்சா? சரி, சரி, வாங்கறவங்களை அங்கயே இருக்கச் சொல்லு. வந்துட்டேன்." போனை வைத்துவிட்டுக் கைகூப்பினான். "ஒரு அவசர வேலைங்க. ஐயா பேசினா கட்டாயம் சொல்றேன்."

கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான்.

"பூட்டு புதுசுக்கா," என்றான் விமல்ராஜ். "கேட்டுக்கு இருக்கற வயசுக்கு இது பேரப்பிள்ளை."

*

எதிரே ஒரு சின்ன காபிக் கடை. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழக்கலவையும் உள்ளூர்க்காரர்களுக்கு ஃபில்டர் காபியும் விற்கிற இடம். கல்லாவில் இருந்த கவிநிலாவைச் சைலஜாவுக்குத் தெரியும். அவளும் அந்த நாடகத்தில் நடிக்கிறவள்தான்.

"பாண்டிச்சேரியா?" கவிநிலாவின் கண் விரிந்தது. "எங்களை விட்டுட்டா? ஐயா மெட்ராஸ் போயிருக்காரு, இந்த வாரம் ஒத்திகை கிடையாதுன்னுதானே அருண் அண்ணன் சொல்லுச்சி?"

"ஒரே கெழவர், ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல," என்றாள் ஆதிலட்சுமி. "சித்தரா இருந்தாத்தான் முடியும். இந்தப் போட்டோவப் பாரும்மா. இந்தத் துணியப் பத்தி உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லு."

கவிநிலாவுக்கு அது பிடித்த விஷயம் போலிருக்கிறது. டோகா என்றால் மூடுவது என்றுதான் அந்தப் பாஷையில் அர்த்தமாம். சும்மா போர்த்திக்கொள்கிற போர்வை இல்லையாம். ரோமாபுரியின் சொந்தக் குடிமகன் மட்டும்தான் உடுத்தலாம். நாடு கடத்திவிட்டால் அந்த உரிமையும் போயிற்று. ஒரு ஆள் தனியாகக் கட்டிக்கொள்ளவே முடியாத நீளம். மடிப்பு வைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

"நானும் டோகா கட்டறேன்னு அடம் பிடிச்சேங்க. ஐயா விழுந்து விழுந்து சிரிச்சாரு. ரொம்பப் பழங்காலத்துல பொம்பளைங்களும் கட்டினாங்களாம். அப்புறம் அது ஆம்பளைங்க உடுப்பாயிடுச்சாம். அதுக்கப்புறம் ஒரு பொம்பளை டோகா கட்டினா, ஊரே அவளை நடத்தை கெட்டவன்னு பேசுமாம். மரியாதையான பொம்பளைக்கு ஸ்டோலான்னு வேற உடுப்பு. ஒரே துணி, யார் கட்டறாங்கங்கறதுல அர்த்தம் மாறிடும்னு சொல்வாரு. எலெக்‌ஷன்ல நிக்கறவன் சுண்ணாம்பு தேய்ச்சிப் பளீர்னு வெள்ளையாக்கிப்பானாம்."

"நம்ம ஊர்ல சுண்ணாம்பை ஓட்டுப் போடறவனுக்குத் தடவுவாங்க," என்றான் விமல்ராஜ்.

சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிய கவிநிலா சட்டென்று நிறுத்தினாள். "ஸ்கந்தன் சார் ஏன் தப்பாக் கட்டியிருக்காரு? துணி இடது தோள் மேல வரணும். வலது கை வெளிய இருக்கணும். ஐயா மொத நாளே சொல்லித்தர்றது அதான்."

படத்தில் துணி வலது தோளை மூடியிருந்தது. இடது தோள் வெறுமையாய் இருந்தது.

"செல்ஃபியா இருக்கும்," என்றான் விமல்ராஜ். "செல்ஃபில இடம் வலமாயிடும். என் போன்ல நான் பொறந்ததுலேர்ந்து பீச்சாங்கையாலதான் பிரியாணி துன்றேன்."

ஆதிலட்சுமி போனை வாங்கி, மூடாமல் இருந்த தோளுக்குக் கீழே விரலால் பெரிதாக்கினாள். மேல்கையில் ஒரு சின்ன வட்டத் தழும்பு.

"இது என்னா?"

"சின்னதுல போட்ட தடுப்பூசி."

"எந்தக் கை?"

சைலஜா யோசிக்கவே தேவையில்லை. "இடது கை."

விமல்ராஜ் தன் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தான். கவிநிலா தன் கையைத் தடவிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் இடது கையில்தான் இருந்தது.

"அப்ப படம் நேராத்தான் இருக்குது. தோள்தான் மாறியிருக்குது," என்றாள் ஆதிலட்சுமி. "ரோமாபுரிக்காரன் இடது தோள்ல போடறான். நம்ம குருக்களுங்க அங்கவஸ்திரத்தை எந்தத் தோள்ல போடறாங்க?"

"இடது தோள்லதான்," என்றாள் சைலஜா.

"ரெண்டு ஊர் வழக்கமும் ஒண்ணாயிருக்குது. இவருக்குப் பழக்கமும் அதான், பாடமும் அதான். கண்ணக் கட்டிவிட்டாலும் கை இடது தோளுக்குத்தான் போகும். கட்டிவிட்டவன் வேற ஆளு, அவனுக்கு ஒண்ணும் தெரியல. இவருதான் 'இந்தப் பக்கம் போடு'ன்னு சொல்லியிருக்காரு. வேணும்னே."

சைலஜா அப்போதுதான் பார்த்தாள். காலையிலிருந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த வெறும் தோளைப் பார்க்கவே இல்லை. அங்கே இருக்க வேண்டிய ஒன்று இல்லை.

"பூணூல் எங்கே?"

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. ஆதிலட்சுமி படத்தை இன்னும் கீழே நகர்த்தினாள். இடது பக்க இடுப்பருகே, துணி மடிப்புக்கு வெளியே, வெள்ளையாய் ஒரு இழை எட்டிப் பார்த்தது.

"கழட்டலம்மா. வலது தோளுக்கு மாத்தியிருக்காரு. அது எதுக்கு?"

சைலஜா போனைப் பிடுங்கி மாமனாரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்கோப்பா, எடுங்கோ, எடுங்கோ.

"என்ன சைலஜா?"

"அப்பா! நீங்க... நன்னா இருக்கேளா?"

"இருக்கேன். ஏன் இப்படி மூச்சு வாங்கறே?" பசுபதி குருக்களின் குரல் கடுத்தது. "நான் உசுரோட இருக்கேனான்னு பாக்கறயா?"

"ஆமாம்ப்பா," என்று அவள் ஓவென்று அழுதுவிட்டாள். "அவர் படம் அனுப்பியிருக்கார். பூணூலை வலது தோளுக்கு மாத்திண்டிருக்கார். துணியும் வலது தோள்ல."

"தெவசத்துக்கும் சாவுக்கும்தான் அப்படிப் போட்டுக்கறது. அதுவும் அப்பா போனவன். நான் இருக்கறச்சே அவன் போட்டுக்கவே மாட்டான். நீ எங்கே இருக்கே?" என்றார் கிழவர்.

இடத்தைச் சொல்லிவிட்டு போனை வைத்தவள் கடை நாற்காலியில் சரிந்தாள். "என்கிட்ட விடை வாங்கிண்டுட்டார் மேடம். என்னைச் செத்தவனா நெனச்சுக்கோன்னு சொல்லிட்டார். எனக்குத்தான் காலையிலேர்ந்து புரியலை."

ஆதிலட்சுமி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்பாகவெல்லாம் இல்லை, வலித்தது.

"பொலம்பாத. தனக்குத் தானே எவனாவது காரியம் பண்ணிக்குவானா? தோள் மாத்திப் போடறது செத்தவன் இல்ல, செத்தவனுக்குப் பண்றவன். உங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்து யாருக்கோ பண்றாரு. யாருக்கு? கவிநிலா, உங்க டோகா எல்லாம் இந்தக் கலர்தானா?"

"இல்லீங்க, வெள்ளை. இது கறுப்பு." சொல்லும்போதே கவிநிலாவின் குரல் இறங்கியது. "இது ஒண்ணே ஒண்ணுதான் பெட்டியில இருக்கும். சாவு சீனுக்கு. ரோமாபுரில துக்க வீட்டுலதான் கறுப்பு டோகா போடுவாங்களாம்."

"பாத்தியா? பெட்டியில அத்தனை வெள்ளை இருக்கறப்ப தேடிக் கறுப்ப எடுத்திருக்காரு. ரோமாபுரி பாஷையில ஒரு தரம், திருவண்ணாமலை பாஷையில ஒரு தரம். ரெண்டுலயும் ஒரே சேதி. இங்க ஒருத்தர் செத்துட்டாரு." ஆதிலட்சுமி எதிர்வீட்டைப் பார்த்தாள். "பெத்த அப்பா இருக்கும்போதே ஒருத்தன் துணிஞ்சு இப்படிப் போட்டுக்கறான்னா, செத்தவருக்குச் செய்ய வேற நாதியே இல்லன்னு அர்த்தம்."

கல்யாணம் காட்சி ஒன்றும் கிடையாது என்று அவளே காலையில் சொன்னது சைலஜாவின் நினைவுக்கு வந்தது. கவிநிலா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயாவா?" என்றாள்.

"அந்த அருண்பிரசாத்து போன்ல டோக்கன்னு சொன்னானே, வாங்கறவங்கன்னு சொன்னானே, அது பத்திரப்பதிவு டோக்கன். கெழவர் எழுதிக் குடுத்த பவர் பத்திரத்த வெச்சிக்கினு இன்னிக்கி இந்த வீட்ட விக்கறான். பவர் குடுத்தவர் செத்தாப் பவரும் செத்துப்போச்சு. பதிவு முடியற வரைக்கும் கெழவர் சாவக் கூடாது. செத்ததப் பாத்த சாட்சி வாயத் தொறக்கக் கூடாது, அதான் எங்கயோ அடைச்சி வெச்சிருக்கான். சாட்சியோட பொண்டாட்டி தேடக் கூடாது. அதுக்குத்தான் போட்டோ."

"அப்ப எங்கேதான் இருக்கார்?" சைலஜா கத்தியே விட்டாள். "செத்தது யாருன்னா எனக்கென்ன மேடம்? அவர் எங்கே?"

சைலஜா எதிர்வீட்டை வெறித்துப் பார்த்தாள். போர்டிகோவுக்கு வெளியே, அவள் நின்ற இடத்தில், சிமெண்டுத் தரை திட்டாக நனைந்திருந்தது. இந்த வெயிலில் ஊற்றிய தண்ணீர் நொடியில் காய்ந்துவிடும். அது காயவில்லை.

"கவிநிலா, மாடியில யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. ஐயாவோட ரூம்தான்."

"ஏசி போடுவாரா?"

"ஐயாவா? அவருக்கு ஃபேன் காத்தே ஆகாது. சித்திரை வெயில்லயும் ஸ்வெட்டரோட உக்காந்திருப்பாரு. அந்த ஏசி, கட்டின நாள்லேர்ந்து சும்மாத்தான்..."

சைலஜா குளிர்ப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள். வந்த ஒரு ஆட்டோ கீச்சென்று நின்று திட்டியது. அவள் காதில் விழவில்லை. மனிதர் இல்லாத வீட்டு மாடியில் ஏசி ஓடுவது பிணம் கெடாமலிருக்கத்தான் என்று இனிமேல் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கந்தனும் அங்கேதான், அவள் தலைக்கு மேலே இருந்திருக்கிறான். இவள் கீழே நின்று அந்தப் பாவியிடம் பாண்டிச்சேரி விலாசம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

*

கேட் ஏறிக் குதித்தது விமல்ராஜ். தோட்டத்தில் கிடந்த கடப்பாரையால் கேட் பூட்டை உடைத்ததும், பின்பக்கத்து மாடிக் கதவை நெம்பியதும் அவன்தான். ஒரு ஜோக் கூட அடிக்கவில்லை. ஆதிலட்சுமி ஒரு காதில் ஆம்புலன்சையும் மறு காதில் பத்திர ஆபீசில் தனக்குத் தெரிந்தவரையும் வைத்துக்கொண்டு படியேறினாள்.

கதவு பெயர்ந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஜன்னலெல்லாம் அட்டை வைத்து அடைத்திருந்தது. கட்டிலில் தலை முதல் கால் வரை வெள்ளை டோகாவால் மூடி ஒருவர் படுத்திருந்தார். மடிப்பு ஒவ்வொன்றும் நேராக, ஒழுங்காக இருந்தது. கட்டிலுக்குக் கீழே தரையில், கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்தபடி ஸ்கந்தன் சாய்ந்திருந்தான்.

"என்னங்கோ!"

கண் பாதி திறந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. மூச்சு வேகமாக, ஆழமாக, பழுத்த பழம் மாதிரி ஒரு வாசனையோடு வந்தது. அந்த வாசனை என்ன என்று சைலஜாவுக்குத் தெரியும். டாக்டர் சொன்ன தாகமும் வாந்தியும் தாண்டியாயிற்று. மயக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தான். மருந்தை ஏற்றி வயிற்றில் ஊசியைக் குத்தினாள். இது மட்டும் போதாது, ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால்தான் பிழைப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"மடிப்பு வெச்சிண்டிருந்தார்... எனக்கு," என்றான் ஸ்கந்தன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "அப்படியே மாரைப் பிடிச்சிண்டு உக்காந்துட்டார். தனியா விட்டுட்டுப் போகாதேடான்னார். விட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"சரி, சரி. ஆம்புலன்ஸ் வந்துடுத்து. எழுந்திருங்கோ."

"நான் வரலை."

ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேர் குனிந்து தூக்கப் பார்த்தார்கள். கட்டில் கால் கூடவே நகர்ந்தது. அந்தப் பிடியை விலக்க முடியவில்லை. எங்கிருந்துதான் அவனுக்கு அவ்வளவு பலம் வந்ததோ!

"நாங்க பாத்துக்கறோம் சார், நான் இங்கயே உக்காந்திருக்கேன்," என்று அழுதாள் கவிநிலா. தலையை ஆட்டினான்.

"பத்திர ஆபீசுல அவன மடக்கி உக்கார வெச்சிட்டாங்க தம்பி. எல்லாம் முடிஞ்சிது. வா," என்றாள் ஆதிலட்சுமி. அதற்கும் தலையை ஆட்டினான். அவன் காதில் வேறு எதுவோ ஒலித்துக்கொண்டிருந்தது.

"பண்ணறவா வேணும்... ஆரம்பிச்சுட்டேன்... பாதியில விடப்படாது..."

சைலஜாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அவருக்கு யாரும் இல்லேன்னா எனக்கு யாரு இருக்கா? செத்தவருக்குத் துணையா உக்காந்துண்டு நீங்களும் போயிடுவேளா? நான் யாருக்குச் சொல்லி அழறது?" அவன் நெஞ்சில் முட்டிக்கொண்டாள். ஆம்புலன்ஸ்காரர் மணியைப் பார்த்தார். ஸ்கந்தனின் கண் மூடிக்கொண்டே போயிற்று; விரல் மட்டும் விடவில்லை.

படியில் யாரோ ஒவ்வொரு படியாக மூச்சிரைத்தபடி ஏறி வந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். பசுபதி குருக்கள் நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் நின்றார். சாயங்கால முறையை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கோயிலிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். அங்கவஸ்திரம் சந்நிதியில் கட்டுவது போல இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

மகனைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். மாதக்கணக்கில் பேசாமல் இருந்த பிள்ளை, அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே சாவுக்குரிய தோளில் பூணூலைப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். என்ன சொல்லித் திட்டப் போகிறாரோ என்று சைலஜா அவர் வாயையே பார்த்தாள். ஒரு வார்த்தை தப்பினால் இவன் பிடிவாதமாய் இங்கேயே உயிரை விட்டுவிடுவான்.

கிழவர் இடுப்பிலிருந்த அங்கவஸ்திரத்தை அவிழ்த்தார். அதை வலது தோளில் போட்டுக்கொண்டார். பூணூலையும் அதே தோளுக்கு மாற்றினார். முட்டி வலியோடு மெல்ல மகனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. எனக்கு அதிகாரம் இருக்கு, உனக்கு இல்லை. நகரு," என்றார். பிறகு கட்டிலைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக வீட்டில் கேட்பது போலக் கேட்டார். "இவருக்கு என்ன கோத்ரம்?"

ஸ்கந்தன் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தான். "தெரியாதுப்பா. யாரும் இல்லை... கேக்கறதுக்கு."

"தெரியாதவாளுக்கெல்லாம் காச்யப கோத்ரம்தாண்டா. கோத்ரம் இல்லாதவான்னு ஒருத்தரும் கிடையாது. நான் பாத்துக்கறேன். நீ போய்ப் பொழைச்சிண்டு வா."

ஸ்கந்தனின் விரல்கள் கட்டில் காலை ஒவ்வொன்றாக விட்டன. கை கீழே விழுவதற்கு முன் சைலஜா அதைப் பிடித்துக்கொண்டாள்.